மாத்திரை ஓயும் இடத்தில்: மனச்சிதைவும் உளசமூகச் சிகிச்சையின் கால அளவும்

1. கேள்வி

'மாத்திரை தவறாமல் போடுகிறான், குரல் மட்டும் நிற்கவில்லை.' மனச்சிதைவு நோயாளிகளின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. மருந்து சிலருக்குச் சில வாரங்களில் தெளிவு தருகிறது. சிலருக்குப் பாதி தெளிவு தந்துவிட்டு நின்றுவிடுகிறது. இன்னும் சிலருக்கு அதுவும் இல்லை. கடைசி இரு வகையினருக்கும் மருந்தோடு கூடவே தரப்படும் உளசமூகச் சிகிச்சைகள், அதாவது பேச்சுச் சிகிச்சை, குடும்பத்துக்கான வழிகாட்டல், வீட்டுக்கே வரும் பணியாளர், வேலைக்கும் வசிப்பிடத்துக்குமான ஆதரவு ஆகியவை, உண்மையில் எதை மாற்றுகின்றன? அந்த மாற்றம் எவ்வளவு காலம் தங்குகிறது?

இந்த இரண்டாம் கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. ஒரு சிகிச்சை 'பயன் தந்ததா இல்லையா' என்று ஓராண்டின் முடிவில் மதிப்பெண் போட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். கிடைத்துள்ள சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. உளசமூகச் சிகிச்சை அறிகுறிகளைவிட அன்றாட வாழ்வையே அதிகம் மாற்றுகிறது; அது தொடரும்வரைதான் பலனும் தொடர்கிறது. ஆகவே, அதைக் குறிப்பிட்ட நாட்களுக்கான மருந்துச்சீட்டாக எண்ணாமல், நிற்காத பொதுச் சேவையாகவே திட்டமிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். இவ்வாதத்துக்கு முக்கியமான இந்தியச் சான்று அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து கிடைத்தது. அதனால் அம்மாவட்டமும், ஓரிக்கை போன்ற அதன் நெசவுக் குடியிருப்புகளும் இங்கே ஆய்வுக்களமாகின்றன.

2. 'மருந்து கேட்கவில்லை' என்பதன் பொருள்

மருத்துவ வழக்கில் இதற்குத் திட்டமான வரையறை உண்டு. 2017இல் ஆலிவர் ஹவ்ஸ் தலைமையில் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த அளவுகோலின்படி, குறைந்தது இரண்டு மனநோய் எதிர்ப்பு மருந்துகளை, ஒவ்வொன்றையும் போதிய அளவில் ஆறு வாரங்களுக்குக் குறையாமல் கொடுத்திருக்க வேண்டும். எழுதிக்கொடுத்த மாத்திரைகளில் 80 விழுக்காட்டையேனும் நோயாளி உட்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகும் அறிகுறிகள் நீடித்தால்தான் அது மருந்து எதிர்ப்பு நோய். மனச்சிதைவு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இவ்வகையில் அடங்குவதாகப் பொதுவாகக் கணிக்கிறார்கள்.

இவர்களுக்கென நிறுவப்பட்ட ஒரே மருந்து குளோசபின். 1988இல் ஜான் கேனும் அவருடைய குழுவினரும் 268 நோயாளிகளிடம் நடத்திய ஆறு வாரச் சோதனையில், குளோசபின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினர் குணம் கண்டனர். பழைய மருந்தான குளோர்புரோமசின் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரே கண்டனர். எனினும் குளோசபின் சிலருக்கு இரத்த வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975இல் பின்லாந்தில் நேர்ந்த மரணங்களுக்குப் பின் பல நாடுகள் அதை ஒதுக்கியே வைத்திருந்தன. இன்றும் தொடக்க மாதங்களில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்தே கொடுக்கிறார்கள். அதற்கும் பத்தில் நால்வர் அளவுக்குப் போதிய பலன் கிடைப்பதில்லை.

தமிழகக் களத்தில் இந்த வரையறையை எழுத்துப்படி பொருத்துவது கடினம். ஓரிக்கையில் தறி நெய்யும் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவதென்றால் அவருக்கும் உடன் போகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடும். பக்கவிளைவாகக் கை நடுங்கினால், இழை இழையாகப் பிணைக்கும் தொழிலில் இருப்பவர் மாத்திரையைக் குறைத்துக்கொள்வது புரிந்துகொள்ளக் கூடியதே. தெளிவு வந்ததும் நிறுத்துவது, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் விட்டுவிடுவது, பாதி அளவில் நீண்ட நாள் ஓட்டுவது ஆகியவையும் சேர்ந்தால், நோய் மருந்துக்கு அடங்கவில்லையா, மருந்து நோயாளியைச் சரியாகப் போய்ச் சேரவில்லையா என்று மருத்துவமனை மேசையிலிருந்து சொல்ல முடியாது. வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவரால்தான் சொல்ல முடியும். உளசமூகப் பணியின் முதல் பயன் இதுதான்: அது சிகிச்சையாவதற்கு முன்பே நோய் அறிதலின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

3. திருப்போரூர்: ஒரு சோதனையும் அதன் இரு வாசிப்புகளும்

சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் 'ஸ்கார்ஃப்' என்ற சுருக்கப் பெயரால் அறியப்படுவது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக நெடுங்காலம் இருந்த மேனன், நோயாளி மருத்துவமனையை விட்டு வெளியேறிய பின் என்ன ஆகிறார் என்ற கேள்வியையே இந்நிறுவனத்தின் மையமாக வைத்தார். அதன் கிராமப்புறக் களங்களில் ஒன்று திருப்போரூர். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர், 2019இல் மாவட்டம் பிரிக்கப்படும்வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

இக்களமும் கோவாவும் மகாராஷ்டிரத்தின் சத்தாராவும் சேர்ந்து பங்கேற்ற சோதனையின் முடிவுகளைச் சுதிப்தோ சாட்டர்ஜி, ஆர். தாரா, விக்ரம் படேல் முதலியோர் 2014இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். மிதமானது முதல் கடுமையானது வரையான மனச்சிதைவு உள்ள 282 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். 187 பேருக்கு அதனுடன் சமூகப் பணியாளரின் வீட்டு வருகையும். பணியாளர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். குறைந்தது பத்தாண்டுப் பள்ளிக்கல்வியும் ஆறு வாரப் பயிற்சியும் பெற்ற உள்ளூர்க்காரர்கள். நோயைப் பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் விளக்குவது, மாத்திரை தவறாமல் பார்ப்பது, உடல்நலம் கவனிப்பது, குளிப்பதிலிருந்து கடைக்குப் போவது வரை ஒவ்வொருவருக்கும் ஏற்ற சிறு இலக்குகள் வைப்பது, ஒதுக்கலையும் ஏளனத்தையும் எதிர்கொள்ளத் துணைநிற்பது, அரசு உதவிகளுக்கு வழிகாட்டுவது ஆகியவை அவர்கள் வேலை. பன்னிரண்டு மாதம் நடந்தது.

முடிவுகள் எதிரெதிராகப் படிக்கத்தக்கவை. 30 முதல் 210 வரை செல்லும் அறிகுறி அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு 3.75 புள்ளிகள், புள்ளியியல்படி அதை உறுதியான வேறுபாடாகக் கொள்ள முடியாது. அறிகுறிகள் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தவர்கள் இரு குழுக்களிலும் ஒரே விகிதம், 51 விழுக்காடு. இதைப் படிப்பவர், வீடு தேடிப் போனதால் பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்று முடிவுகட்டலாம்.

இரண்டாம் வாசிப்பு இயலாமையைப் பற்றியது. அதை அளக்க இந்திய மனநல மருத்துவச் சங்கத்தின் மறுவாழ்வுக் குழு உருவாக்கிய 'ஐடியாஸ்' அளவுகோல் பயன்பட்டது. தன்னைப் பேணுதல், பிறருடன் பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என்ற நான்கையும் அது கேட்கிறது. இதில் வீட்டு வருகை பெற்றவர்களின் முன்னேற்றம் உறுதியானதாக இருந்தது. மூன்று களங்களில் திருப்போரூரில் அறிகுறிகளிலும் தெளிவான வேறுபாடு தெரிந்தது: 9.29 புள்ளிகள்.

திருப்போரூரில் மட்டும் ஏன்? இரண்டு விளக்கங்கள் சாத்தியம். ஒன்று, மற்ற களங்களோடு ஒப்பிட மனநலச் சேவை எட்டாத கிராமப்புறம் அது. ஒப்பீட்டுக் குழுவினருக்கு வழக்கமான சிகிச்சையே அரிதாக இருந்த இடத்தில், சிறு கூடுதல் உதவியும் பெரிதாகத் தெரியும். மற்றொன்று, ஸ்கார்ஃபின் சமூக மனநலப் பணி அப்பகுதியில் சோதனைக்கு நெடுநாள் முன்பே வேரூன்றியிருந்தது; நம்பிக்கை ஏற்கெனவே விளைந்திருந்த நிலத்தில் புதிய பணியாளர் எளிதில் நுழைய முடிந்தது. முதல் விளக்கம் சரியென்றால், சேவை குறைந்த எல்லா இடங்களிலும் இதே பலனை எதிர்பார்க்கலாம். இரண்டாவது சரியென்றால், பன்னிரண்டு மாதப் பலனுக்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு மறைந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுத் திட்டத்தை மட்டும் நகலெடுத்தால் விளையாது. எனக்கு இரண்டாவதற்கே கூடுதல் எடை இருப்பதாகப் படுகிறது. சேவைக் குறைவு மட்டும் காரணமென்றால், அது மாத்திரை ஒழுங்கின் வழியாக அறிகுறிகளில் வெளிப்பட்டு அங்கேயே நின்றிருக்கும். இயலாமையும் கூடவே குறைந்திருப்பது, வீட்டுக்குள் நுழைய முடிந்த உறவின் அடையாளம்.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இச்சோதனையில் இருந்த எல்லோரும் மருந்து எதிர்ப்பு வரையறைக்குள் வந்தவர்கள் அல்லர். நாட்பட்ட, கடுமையான நோயுள்ளவர்களைப் பற்றிய பாடமாகவே அதைக் கொள்ளலாம். குளோசபினுக்கும் அடங்காதவர்களைப் பற்றி அறிய வேறு சோதனைக்குப் போக வேண்டும்.

4. குரலோடு பேசுதல்

அத்தகைய சோதனை பிரிட்டனில் நடந்தது. ஆன்டனி மாரிசன் தலைமையிலான குழு, குளோசபின் எடுத்தும் குணம் காணாத அல்லது அதைத் தாங்க முடியாத 487 பேரைத் தேர்ந்து, பாதிப் பேருக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அளித்தது. குரல் கேட்பதையோ, பிறர் தனக்குத் தீங்கு சூழ்கிறார்கள் என்ற எண்ணத்தையோ நேரடியாக மறுக்காமல், அவற்றை நோயாளி எப்படிப் பொருள்கொள்கிறார், அவற்றுக்கு என்ன சான்று காண்கிறார் என்று உரையாடிப் பிடியைத் தளர்த்துவது இம்முறை. 2018இல் வெளியான முடிவு: ஒன்பது மாதச் சிகிச்சை முடிந்தபோது அறிகுறிகளில் சிறு முன்னேற்றம் இருந்தது, இருபத்தொன்றாம் மாதத்தில் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை.

'பலன் இல்லை' என்றே இச்சோதனை பரவலாகக் குறிக்கப்படுகிறது. முதன்மை இலக்காக வைத்தது இருபத்தொன்றாம் மாதத்தை என்பதால் அது பிழையும் அல்ல. எனினும் ஒன்பதாம் மாதத்துக்கும் இருபத்தொன்றாம் மாதத்துக்கும் நடுவில் நின்றுபோனது சிகிச்சைதான். மாத்திரையை நிறுத்தி ஓராண்டு கழித்து நோய் திரும்பினால், மாத்திரை பயனற்றது என்று யாரும் எழுதுவதில்லை. நிறுத்தியதால் திரும்பியது என்கிறோம். பேச்சுச் சிகிச்சையிடம் மட்டும், நின்ற பிறகும் வேலை செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். இந்த இரட்டை அளவுகோல் உளசமூக ஆய்வு முழுவதிலும் பரவியிருக்கிறது. மறுபக்கம், ஒன்பதாம் மாதத்தில் தெரிந்த பலனே சிறியது என்பதையும் மறைக்கக் கூடாது. தொடர்ந்திருந்தாலும் அது பெரிதாகியிருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிரிட்டனில் வகுத்த உரையாடல் முறை இங்கே அப்படியே பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. மானிடவியலாளர் தான்யா லூர்மன், ஸ்கார்ஃபைச் சேர்ந்த ஆர். பத்மாவதி முதலியோருடன் சேர்ந்து, குரல் கேட்கும் அறுபது பேரைச் சந்தித்தார். கலிபோர்னியாவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் தலா இருபது பேர். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி, அமெரிக்கர்கள் குரலை மூளைக்கோளாறாகவும் வன்முறை மிக்க ஊடுருவலாகவும் விவரித்தார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் உறவினர் குரலைக் கேட்டார்கள். அக்குரல்கள் திட்டவும் செய்தன, குளி, சமை, வேலையைப் பார் என்று ஏவவும் செய்தன. இருபது பேரைக் கொண்டு ஒரு பண்பாட்டை முடிவுகட்ட முடியாது. ஆயினும் சிகிச்சையாளருக்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. மாமியாரின் குரலாகக் கேட்பதை வெறும் 'அறிகுறி' என்று நடத்துவதைவிட, அந்த உறவுக்குள் நின்று பேசத் தொடங்குவது இங்கே இயல்பான வாசலாக அமையக்கூடும்.

5. குடும்பமும் கோயிலும்: போற்றுதலின் எல்லை

தமிழகத்தில் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்த வரலாறு நீண்டது. 1957இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியுடன் உறவினரும் தங்குவதே வழக்கமாயிற்று. வீட்டில் குறைகூறலும் பகைமையும் மிகுந்தால் நோய் திரும்ப வருவது கூடும் என்று லண்டனில் கண்டறிந்த ஜூலியன் லெஃப், சண்டிகர் மருத்துவர்களுடன் சேர்ந்து அங்கும் அதை அளந்தார். அத்தகைய கடுமை சண்டிகர்க் குடும்பங்களில் குறைவாக இருந்தது. இதிலிருந்தும் உலகச் சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுகளிலிருந்தும், 'நம் குடும்பமே நல்ல மருந்து' என்ற நம்பிக்கை வளர்ந்தது. அதைக் கேள்விக்குட்படுத்தியவர்களில் தாராவும் ஒருவர். வளரும் நாடுகளில் மனச்சிதைவு இலேசாகப் போகிறது என்ற பொதுக்கருத்துக்குச் சான்று சீராக இல்லை என 2008இல் அவர் அலெக்ஸ் கோயன், விக்ரம் படேல், ஓயே குரேஜே ஆகியோருடன் எழுதிய கட்டுரை காட்டியது.

குடும்பம் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை. மணமுறிவுக்கான காரணங்களைச் சொல்லும் இந்துத் திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, மனச்சிதைவைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. கணவர் கைவிட்டு, பிறந்த வீட்டின் பொறுப்பில் விடப்படும் நோயுற்ற பெண்களின் நிலையைத் தாராவும் உடன் ஆய்வாளர்களும் தனியே ஆராய்ந்திருக்கிறார்கள். 'குடும்பத்தின் ஆதரவு' என்று அறிக்கைகளில் வருவது, நடைமுறையில் பெரும்பாலும் வயதான ஒரு தாயின் உழைப்பு. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு எந்தப் பன்னிரண்டு மாதச் சோதனையும் பதில் சொல்லாது.

கோயில்கள் பற்றிய வாதத்திலும் இரு துருவங்கள் உண்டு. ஆர். ரகுராமும் குழுவினரும் 2002இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில்' வெளியிட்ட ஆய்வு, தென்னிந்தியக் கிராமம் ஒன்றின் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பின்தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் மனச்சிதைவு உள்ளவர்கள். சராசரியாக ஆறு வாரம், மனநல மருந்து இல்லாமல், உறவினரோடு தங்கி, கோயிலைப் பெருக்குதல், செடிக்கு நீர் ஊற்றுதல் போன்ற வேலைகளைச் செய்தார்கள்; சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. அறிகுறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு ஆய்வு இது. மற்றத் துருவத்தில் ஏர்வாடி: 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்காவை ஒட்டி இயங்கிய தனியார் காப்பகத்தில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் தப்ப வழியின்றி மாண்டார்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், குணத்தையோ கொடுமையையோ நம்பிக்கையின் கணக்கில் எழுதுவது மேலோட்டம் என்பது தெரியும். முத்துசுவாமி கோயிலில் இருந்தவை: பாதுகாப்பான இடம், உடனிருக்கும் உறவு, அளவான வேலை, ஏளனமற்ற சூழல். ஏர்வாடிக் காப்பகத்தில் இவை நான்கும் இல்லை. கோயில் நகரமான காஞ்சிபுரத்துக்கு இது நேரடியாகப் பொருந்தும். வழிபாட்டுத் தலத்துக்குப் போவதைத் தடுப்பதற்குப் பதிலாக, அங்கே வருபவரை மாவட்ட மனநலத் திட்டத்தோடு இணைப்பதே பயன் தரும். காரணத்தை எல்லாக் குடும்பங்களும் தெய்வத்திடமோ பேயிடமோ தேடுவதும் இல்லை. ஸ்கார்ஃபில் 254 குடும்பங்களிடம் சீனிவாசனும் தாராவும் கேட்டபோது, அமானுஷ்யக் காரணத்தைக் குறிப்பிட்டவை 12 விழுக்காடு மட்டுமே.

6. தறி வீடும் வேலையும்

உளசமூகச் சிகிச்சையின் பலன் வேலைத்திறனில் தெரிகிறதென்றால், வேலையின் தன்மையையும் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் பட்டு நெசவு வீட்டுத்தொழில். தார் சுற்றுவதும், பாவு நீட்டுவதும், அறுந்த இழையைப் பிணைப்பதும், தறியில் உட்கார்ந்து நெய்வதும் கடினத்தில் படிப்படியாக ஏறும் வேலைகள். நேர்காணல் இல்லை, மேலதிகாரி இல்லை; சரியில்லாத நாளில் தார் சுற்றிவிட்டு, தெளிந்த நாளில் தறிக்குப் போகலாம். மறுவாழ்வு மையங்கள் செயற்கையாக உருவாக்க முயலும் படிமுறை இங்கே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது.

இதை அழகுபடுத்திச் சொல்லிவிடவும் கூடாது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் கோக்கும் கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா, துணைக்கு இன்னொருவர் வேண்டும். ஒருவர் தடுமாறினால் இருவர் வேலையும் நிற்கும். கூலி புடவைக் கணக்கில். முன்பணம் வாங்கியிருந்தால் கெடுவும் உண்டு. நோயுற்றவரைக் கவனிக்கும் மனைவியோ தாயோதான் தாரும் சுற்றுகிறார் என்பதால், நோய் இரண்டு பேர் கூலியைத் தின்கிறது. கைத்தறி சுருங்கிவரும் காலத்தில், வேலைவழி மறுவாழ்வு என்பது உளவியலோடு கூலிக் கொள்கையையும் தொட்டாக வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் கெடு தளர்த்துவதும், மனநோய் இயலாமைக்கான சான்றிதழ் பெற உதவுவதும் இவ்வகையில் சிகிச்சையின் பகுதியே. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயை இயலாமைப் பட்டியலில் சேர்த்திருப்பதால் இதற்குச் சட்ட அடிப்படையும் உண்டு.

7. காலக் கணக்கு: முடிவுரை

காலவரையறை இல்லாத சிகிச்சைக்கு முன்மாதிரி தமிழகத்திலேயே இருக்கிறது. வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய 'தி பேன்யன்', ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் தங்கிவிட்டவர்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் சிறு குழுக்களாகக் குடியமர்த்தும் 'ஹோம் அகெய்ன்' திட்டத்தை 2015இல் தொடங்கியது. பணியாளர் துணை தேவைப்படும்வரை இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டியில் இதை நல்ல நடைமுறையாக எடுத்துக்காட்டியது. இத்திட்டத்தின் ஆய்விலும் தெளிவாக உயர்ந்தது, சமூகத்தோடு கலந்து வாழும் அளவே.

ஆக, மூன்று முடிவுகளுக்கு வரலாம். முதலாவது, மருந்துக்கு அடங்காத நோய் என்று எழுதுமுன் மாத்திரை முறையாகப் போனதா என்பதை வீட்டளவில் அறிய வேண்டும். அடங்கவில்லை என்று உறுதியானால் இரத்தப் பரிசோதனை வசதியுடன் குளோசபின் அருகிலேயே கிடைக்க வேண்டும். உளசமூகச் சிகிச்சையை அதற்கு மலிவான மாற்றாக நீட்டுவது நோயாளிக்கு இழைக்கும் அநீதி. இரண்டாவது, உளசமூகச் சிகிச்சையை முதலில் அது மாற்றும் விஷயங்களைக் கொண்டே அளக்க வேண்டும்: குளித்தாரா, பேசினாரா, வேலைக்குத் திரும்பினாரா, யாருடன் வாழ்கிறார் என்பவை. மூன்றாவது, அதற்கு முடிவுத் தேதி வைக்கக் கூடாது.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, இடைநிலை இல்லங்கள், ஆதரவுடன் கூடிய தங்குமிடம், சமூக அளவிலான மறுவாழ்வு ஆகியவற்றை அரசு வழங்க வேண்டிய சேவைகளாகவே சொல்கிறது. சோதனைத் திட்டங்களாக அல்ல. திருப்போரூரில் பத்தாண்டுக் கல்வியும் ஆறு வாரப் பயிற்சியும் போதுமானதாக இருந்த அந்தப் பணியாளர் பதவியை, மாவட்ட மனநலத் திட்டத்தில் நிரந்தரப் பணியிடமாக வைப்பதுதான் அச்சட்டத்தை நிறைவேற்றுவதில் முதல் படி. மருத்துவர்களின் எண்ணிக்கை பெருகும்வரை அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதையே காஞ்சிபுரத்துச் சான்று காட்டுகிறது.